நாலு கொத்துச் சிவப்பு

தயாபரன் அன்றைக்கு அறுத்தெடுத்தது மொத்தம் நாலு கொத்துச் செடி. நாலையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு கீரைக்கட்டு அளவுகூட வராது. கொக்கத்தடியின் நுனியில் அரிவாளைக் கட்டி, பாதையில் நின்றபடியே எட்டி எட்டி இழுத்து, உரப்பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்துக் கொளுத்தினான். பச்சைச் செடி என்பதால் நிறையப் புகைந்தது. மனைவி சுகிர்தா இருமிக்கொண்டே வந்து, "என்னப்பா எரிக்கிறியள்?" என்று கேட்டாள். "குப்பை" என்றான்.

அந்தச் செடிக்கு வெடி அகற்றும் நிறுவனம் வைத்த பெயர் நீளமான ஒன்று. நாவற்கண்டல் சனம் அதற்குத் 'தலையாட்டி' என்று பெயர் வைத்தது. சண்டைக் காலத்தில் படையினர் முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து உட்கார்த்தி, ஊர்ச்சனத்தை வரிசையில் நடத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பமாட்டான். காற்றில் ஆடி ஆடி, மண்ணுக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிற செடிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

செடியைப் பற்றி முதன்முதல் வந்து விளக்கம் சொன்னவள் டிலானி. நிறுவனத்தின் உத்தியோகத்தர்; மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயதிருக்கும். பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மிதிவெடிக்குள்ள இருக்கிற மருந்து வருசக்கணக்கில கொஞ்சங் கொஞ்சமா மண்ணுக்குள்ள கசியும். இந்தச் செடியின்ர வேர் அதைக் குடிச்சா ஆறு கிழமையில இலை சிவந்திடும். மேல இருந்து ட்ரோன் படம் எடுக்கும். சிவப்பு இல்லாத வளவைத் தை மாசமே உங்களிட்டத் தந்திடுவம்."

"சிவந்த வளவு?" என்று கேட்டது மலரக்கா. இராசமலர் என்பது முழுப்பெயர். பதினொரு வருடம் முழங்காலில் நின்று கையால் மண்ணைக் கிண்டி வெடி எடுத்தவள். செடி வந்ததும் கைவேலைக் குழுக்களைக் கலைத்துவிட்டார்கள். அதில் வேலையிழந்த நூற்றுச் சொச்சம் பெண்களில் அவளும் ஒருத்தி.

"அதைக் கையாலதான் எடுக்கவேணும் அக்கா. ஒரு கொத்துச் சிவந்தாலும் அதைச் சுத்தி முழுக்கக் கிண்டித்தான் விடுவம். ஆனா இப்ப இந்த மாவட்டத்துக்கு ஒரு குழுதான் மிச்சம். ரெண்டு வருசம், மூண்டு வருசம் ஆகலாம்."

"எங்களை நிப்பாட்டிப்போட்டு இப்ப ஆக்களில்லை எண்டுறியள்" என்றாள் மலரக்கா. மண்டபம் சிரித்தது. டிலானியும் சிரித்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

இரண்டு வருடம் காத்திருக்கத் தயாபரனால் முடியாது. இடம்பெயர்ந்து இருந்த இடத்துத் தண்ணீர் சுகிர்தாவின் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீரை மாற்று, இல்லையென்றால் அடுத்த வருடம் இயந்திரத்தில்தான் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று டாக்குத்தர் நேராகவே சொல்லிவிட்டார். அவனுடைய வளவில் இருந்தது ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. கம்பிக்கு அப்பால் அது பாசி பிடித்துக் கிடந்தது.

ஐப்பசியில் விதை தூவினார்கள். கார்த்திகை முடியும்போது ஊர் முழுக்க முழங்கால் உயரப் பச்சை. வெடி எடுத்துத் துப்புரவாக்கிய நடைபாதையில் மட்டும் நடந்து தங்கள் தங்கள் வளவைப் பார்க்கச் சனத்துக்கு அனுமதி இருந்தது. படம் எடுக்க இருந்த நாளுக்கு முதல்நாள் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை; படம் எடுப்பது தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் வானம் வெளித்தபோது தயாபரன் போய்ப் பார்த்தான். கிணற்றுக்கு இந்தப் பக்கம், பாதையிலிருந்து எட்டுகிற தூரத்தில், பச்சைக்கு நடுவே வெற்றிலை துப்பியதுபோல நாலு இடம் சிவந்து நின்றது.

காவற்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்தான். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டிலானி அவனைக் கூப்பிட்டாள். கையில் இருந்த திரையில் அவனுடைய வளவின் படம். பச்சைக்குள் நாலு இடத்தில் மண் தெரிந்தது.

"அண்ணை, இதில ஏன் செடி இல்லை?"

"மாடு பூந்திட்டுது, பிள்ளை. நான்தான் கலைச்சு விட்டனான்."

இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவனே நினைத்திருக்கவில்லை. டிலானி நெற்றியைச் சுருக்கினாள். "சட்டப்படி இதுக்குத் திரும்ப விதைக்கவேணும். அப்பிடியெண்டா அடுத்த மாரிதான்." திரையைத் தாழ்த்தினாள். "அக்காக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"கால் வீங்கிப்போய்க் கிடக்கிறா."

அவள் மாடு மேய்ந்தது என்று எழுதிப் பச்சைக்குறி போட்டாள். தயாபரன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னண்ணை இது" என்று அவள் பதறிப்போய் விலகினாள்.

தை பிறந்து முப்பத்தொரு குடும்பம் நாவற்கண்டலுக்குத் திரும்பியது. தயாபரன் முதல் வேலையாகக் கிணற்றை இறைத்தான். இரண்டாவது வேலையாக அந்த நாலு இடத்தையும் இலந்தை முள் வெட்டிப்போட்டு அடைத்தான். கேட்டவர்களுக்குப் பாம்புப் புற்று என்றான். கொஞ்சம் ஆறட்டும், சுகிர்தாவுக்கு உடம்பு தேறட்டும், பிறகு டிலானியிடம் எப்படியாவது சொல்லி எடுப்பித்துவிடலாம் என்று மனதில் ஒரு திட்டம் இருந்தது. மாசி போனது, பங்குனி போனது. சுகிர்தாவின் கால் வீக்கம் வடிந்தது. முகத்தில் களை வந்தது. "இந்தத் தண்ணி அமிர்தமப்பா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் முள் அடைத்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொரு நாளும் நாளைக்கே இருந்தது.

மலரக்கா அடுத்த வளவு. தனி ஆள். இருபது வருடம் தம்பி வீட்டு விறாந்தையில் படுத்துக் காலம் தள்ளியவள். அவளுடைய கிணறு இடிந்து தூர்ந்துபோயிருந்ததால் தினமும் காலையில் குடத்தோடு இங்கேதான் வருவாள். "தயா, உன்ர கிணத்தைக் குடிச்சு வத்தவைக்கப் போறன்" என்பாள்.

சித்திரையில் ஒரு காலை, குடத்தைக் கை மாற்றுவதற்காகப் பாதையை விட்டு ஒரே ஒரு அடி பாலைமர நிழல் பக்கம் ஒதுங்கினாள்.

சத்தம் கேட்டபோது தயாபரன் படலையடியில் நின்றான். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் அவனைத் தாண்டி ஓடினார்கள். அவன் மட்டும் ஓடவில்லை. கால் எழும்பவில்லை. அங்கே இன்னும் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். "ஓடாதேங்கோ" என்று கத்தியிருக்கலாம். வாயும் எழும்பவில்லை. அவர்கள் மலரக்காவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் அவனால் அசைய முடிந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் பாயைப் போட்டுக் கிடத்தி, அவனே ஓட்டினான். பின்னால் யாரோ சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலரக்கா கத்தவில்லை. "இன்னும் மேல கட்டு, முழங்காலுக்குக் கிட்டக் கட்டு" என்று கட்டுகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். தொழில் தெரிந்தவள். இடது கால் கணுக்காலுக்கு மேலே போயிருந்தது.

அது முள் அடைத்த இடங்களில் ஒன்று அல்ல. ஏழெட்டுக் காலடி தள்ளி. தயாபரன் அந்த வெறும் உண்மையை ஒரு கிழமை வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வெட்டின இடமில்லை. அந்த இடத்தில் செடி பச்சையாய்த்தான் நின்றது, நான் கண்ணால் பார்த்தனான். செடியின் பிழை. கும்பனியின் பிழை.

விசாரணை வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து படங்களைப் பார்த்தார்கள், குறிப்புகளைப் பார்த்தார்கள். திரும்ப விதைக்காமல் பச்சைக்குறி போட்டது யார்? டிலானி. மாடு மேய்ந்ததாக யார் சொன்னது? "நானே பார்த்துத்தான் எழுதினனான்" என்று டிலானி சொன்னாளாம். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தயாபரனுக்கு விளங்கவில்லை. நோயாளி உள்ள வீட்டை இழுத்துவிடக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அவளை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அருமைநாயகம் மாஸ்டர் ஊர்க்கூட்டம் கூட்டி, பொறுப்பில்லாத உத்தியோகத்தர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். தயாபரனும் உயர்த்தினான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உயர்த்திய கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுகிர்தா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தானும் ஒரு மிடறு குடித்தாள்.

"சுகி, அந்தச் செடியை நான்தான் வெட்டினனான்."

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு செம்பைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள்.

"இந்தத் தண்ணியையே எனக்குக் குடிக்கத் தந்தனீங்கள்?"

அதற்குப் பிறகு அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

மறுநாள் ஆசுப்பத்திரிக்குப் போனான். மலரக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். போர்வை இடது பக்கத்தில் ஓரிடத்தில் சட்டென்று தட்டையாகப் படுத்திருந்தது. அவன் கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்தான். ஒன்று உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்தவன் நிமிராமல், கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி சொன்னான். அழ வேண்டாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவனால் அழாமல் இருக்க முடியவில்லை.

மலரக்கா ஏசுவாள், காறித் துப்புவாள், தாதிமாரைக் கூப்பிடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை?"

"நாலு கொத்து."

"எவடத்தில? கீறிக் காட்டு."

மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கிணறு, பாதை, பாலைமரம், வேலி எல்லாம் போட்டு நாலு புள்ளி வைத்தான். அவள் அந்தக் கடதாசியை வாங்கி, விரலால் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அளந்தாள். திரும்பவும் அளந்தாள். விரல் வேலிக்கோட்டைத் தாண்டி, அவளுடைய வளவுக்குள் போய் நின்றது. முகம் வெளிறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா..."

"போ தயா." பிறகு, கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பெட்டைக்குச் சொல்லு. அதின்ர சோத்தில மண் விழுந்து கிடக்கு" என்றாள்.

டிலானி மன்னாரில் தாய் வீட்டில் இருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் அவள் உள்ளே போனாள். போனவள் திரும்பி வர நேரம் எடுத்தது. முகம் கழுவியிருந்தாள்.

"உங்கட மனச்சாட்சிக்கு நான் ஒண்டும் சொல்லேலாது அண்ணை. ஆனா ஒரு விசயம் நீங்கள் தெரிஞ்சுகொள்ளவேணும்."

"நான் வெட்டின இடத்தில வெடிக்கேல்லைப் பிள்ளை. அந்த இடம் பச்சையாத்தான்..."

"ஓம். பச்சையாத்தான் நிண்டிருக்கும். வெளிக்கோது உடையாத வெடி கசியாது. கசியாட்டிச் செடிக்குத் தெரியாது. பத்தில ஒண்டு அப்பிடித்தான் இருக்குமெண்டு எங்களுக்கு முதலே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "அதாலதான் ஒரு கொத்துச் சிவந்தாலும் சுத்திவர முழுக்கக் கிண்டுறது. வெடியைத் தனியா ஒருத்தரும் புதைக்கிறேல்லை அண்ணை. வரிசையாத்தான் புதைக்கிறது. உங்கட நாலும் நிண்டிருந்தா அஞ்சாவதை அதுகளே காட்டியிருக்கும்."

தயாபரன் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். ஒரு கிழமையாகப் பிடித்துக்கொண்டிருந்தது கையைவிட்டுப் போயிற்று.

அவன் நடந்ததை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தான். டிலானிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நாவற்கண்டலை மூடினார்கள். அவனுடைய வளவை மட்டுமல்ல, முழு ஊரையும். ஒருவர் கைவைத்த படத்தில் எதையும் நம்பமுடியாது என்பது நிறுவனத்தின் கணக்கு. முப்பத்தொரு குடும்பமும் அப்போதுதான் போட்ட கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு, கத்தரியும் மிளகாயும் காய்க்கக் காய்க்க விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தறப்பாள் கொட்டில்களுக்குத் திரும்பின.

ஊர் அவனோடு பேசுவதை நிறுத்தியது. கடையில் அவன் போய் நின்றால் நின்றவர்கள் விலகினார்கள். அருமைநாயகம் மாஸ்டர் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒருத்தன்ர சுயநலத்தால முப்பது குடும்பம் நடுத்தெருவில." தயாபரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்றுதான் பட்டது. சுகிர்தா பழைய உப்புத் தண்ணீரைக் குடித்தாள். ஆவணியில் அவளை இயந்திரத்தில் போடத் தொடங்கினார்கள். கிழமைக்கு இரண்டு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போவான். ஆசுப்பத்திரியில் அதே கட்டிடத்தின் மறு கோடியில் மலரக்கா செயற்கைக் காலோடு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பான். உள்ளே போனதில்லை. ஒருநாள் அவள் சமநிலை தவறி விழுந்து, கம்பியைப் பிடித்துத் தானே எழும்பினாள். எழும்பும்போது கதவுப் பக்கம் பார்த்தாள். அவன் விலகிப் போய்விட்டான்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி விதைத்தார்கள். இந்த முறை நடைபாதைக்கு ஒருவரையும் விடவில்லை. நாலு மூலையிலும் கமெரா. பக்கத்து ஊர்க் காவற்காரர். மார்கழி பிறந்து படம் எடுத்து முடிந்ததும், டிலானி பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஊரைக் கூப்பிட்டாள். தயாபரன் கடைசி வாங்குப் பலகையில், சுவரோரமாக உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

டிலானி சுவரில் இரண்டு படத்தைப் போட்டாள். ஒன்று போன வருடத்தது. ஊர் முழுவதிலும் ஒன்பது கொத்துச் சிவப்பு. மற்றது இப்போது எடுத்தது.

யாரோ ஒருவருடைய கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது.

"ஐம்பத்தெட்டு" என்றாள் டிலானி. "தயாபரன் அண்ணை சொன்ன நாலையும் கழிச்சா, போன வருசம் இல்லாத நாப்பத்தைஞ்சு. பதினாறு வளவில. பக்கத்துச் செடி மூடினதால போன வருசப் படத்தில வெற்றிடம் தெரியேல்லை."

அருமைநாயகம் மாஸ்டருடைய வளவு படத்தின் நடுவில் இருந்தது. அதில் ஏழு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க எல்லோரும் சுவரையே பார்த்தார்கள். சுவரிலும் அதுதான் இருந்தது.

"நான் பொலிசில்லை" என்றாள் டிலானி. "எனக்கு வேண்டியது, போன வருசம் எந்தெந்த இடத்தில எடுத்தனீங்கள் எண்டதுதான். ரெண்டு வருசப் படத்தையும் வைச்சா வரிசை எங்கால போகுதெண்டு வடிவாத் தெரியும். கசியாமல் கிடக்கிறதையும் பிடிச்சிடலாம்."

பிறகு முன்வரிசையில் ஒரு வாங்கு கிறீச்சிட்டது. மலரக்கா ஊன்றுகோலை ஊன்றி எழும்பினாள். மேசைவரை பத்துக் காலடிதான். அவளுக்கு நெடுநேரம் எடுத்தது. போய், விரித்துவைத்திருந்த வரைபடத்தில் தன் வளவின் மேல் விரலை வைத்தாள்.

"இதில ரெண்டு. நான்தான் எடுத்தனான்."

டிலானி நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினொரு வருசம் வெடி எடுத்தவளுக்கு ரெண்டு செடி பிடுங்கத் தெரியாதே பிள்ளை? வடிவாப் பிடுங்கினன். ரெண்டையும் வைச்சு வரிசை வேலிக்கரையால போகுதெண்டு கணக்குப் போட்டன். அங்கால போகாமல் விட்டாச் சரி, ஆறுதலா நானே கிண்டி எடுப்பமெண்டு இருந்தன்." அவள் திரும்பவில்லை. ஆனால் கடைசி வாங்குவரைக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள். "அது ரெண்டு வரிசை. எனக்கு ஒவ்வொண்டிலயும் ஒண்டு. தயா ஆசுப்பத்திரியில கீறிக் காட்டினபோதுதான் விளங்கினது. அவன்ர நாலும் என்ர ரெண்டும் சேர்ந்திருந்தா அந்தப் பாலைமரத்தடியை நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பன்."

தயாபரன் சுவரில் தலையைச் சாய்த்தான். ஒரு வருடம் தனியாகச் சுமந்ததில் இன்னொருவருக்கும் பங்கிருக்கிறது என்று கேட்டால் கொஞ்சமாவது இலேசாக வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால், அது நடக்கவில்லை. தை மாதத்தில் ஒரு காலை, குடத்தோடு வந்தவளிடம், அக்கா, நான் ஒரு வேலை செய்துபோட்டன் என்று சொல்லியிருந்தால் போதும். அவளும் சொல்லியிருப்பாள். வேலியில் சாய்ந்து நின்று இரண்டு பேரும் குச்சியால் மண்ணில் கீறியிருப்பார்கள். அந்தக் கால் அவளிடமே இருந்திருக்கும்.

டிலானி தன்னுடைய நாற்காலியை இழுத்து மலரக்காவை இருத்தினாள். ஒரு தாளை எடுத்து எழுதினாள். பிறகு, தலை நிமிராமல், "வேற?" என்றாள்.

ஒரு வாங்கு கிறீச்சிட்டது. அருமைநாயகம் மாஸ்டர். அவருக்குப் பின்னால் கடைக்காரச் செல்லையா. அவருக்குப் பின்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண். பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை. சுவரோரமாக, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடையாள அணிவகுப்பில் நிற்பதுபோல வரிசை கதவுவரை நீண்டது.

கொஞ்ச நேரத்தில் டிலானி தாள்கட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, வாக்குமூலம் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அவனோடு ஒரு சொல் பேசியிராதவள், கடைசி வாங்கைப் பார்த்தாள்.

"தயாபரன் அண்ணை, ஒப்பீஸ் அறையில பேப்பர் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ. இந்தத் தாள் எல்லாருக்கும் காணாது."